வளரிளம் பருவத்தில் உடற்பருமன்: ஆட்டமும் உணவும்



நாட்டின் ஊட்டச்சத்துப் பிரச்சினை என்றதும் மெலிந்த குழந்தையின் தோற்றமே கண்முன் நிற்கிறது. 2016-18ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி, 10 முதல் 19 வயது வரையுள்ளோரில் 24 சதவீதத்தினர் மெலிந்திருந்தனர். அதே ஆய்வில் 5 சதவீதத்தினர் மிகை எடை உடையோராய்க் காணப்பட்டனர். ஒரே தலைமுறையில் குறைவும் மிகையும் சேர்ந்து நிற்கின்றன. இரண்டையும் ஒருங்கே எதிர்கொள்வது திட்டமிடுவோரின் கடமையாகும்.

நகர்ப்புறச் சிறுவனுக்கு ஓடியாட இடம் அருகிவிட்டது; வீட்டில் திரை இருக்கிறது. பருமனான சிறுவனுக்கோ இன்னொரு தடையும் உண்டு. தோழர்களின் கேலிக்கு அஞ்சி அவன் மைதானத்தையே தவிர்க்கிறான். இத்தகையோருக்கு, திரைமுன் நின்று கைகால்களை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டு நல்ல மாற்றாகாதா என்று பெற்றோர் வினவுகின்றனர். நியாயமான வினா. ஆனால் செலவாகும் கலோரியை மட்டும் கணக்கிட்டால் விடை கிடைக்காது. ஆட்டத்திற்குப் பின் தட்டில் விழும் உணவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

முதலில், உட்கார்ந்து ஆடும் விளையாட்டு. டென்மார்க்கில் சராசரி எடையுள்ள சிறுவர்களிடம் நடத்தப்பெற்று 2011இல் வெளியான ஆய்வில், ஒரு மணி நேரம் அவ்வாறு ஆடியவர்கள், சும்மா ஓய்ந்திருந்த நாளைவிட ஏறத்தாழ 80 கலோரி கூடுதலாக உண்டனர். பசி மிகுந்ததாக அவர்கள் கூறவில்லை. பசியின்றியே உணவு கூடியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. நாள்தோறும் இவ்வாறு நிகழ்ந்தால் எடை கூடுவதில் வியப்பில்லை.

அடுத்து, உடலை அசைத்து ஆடும் விளையாட்டு. இதில் சக்தி கூடுதலாகச் செலவாகிறது என்பதில் ஐயமில்லை. எனினும் கனடாவில் சிறுவர்களிடம் நடத்தப்பெற்று 2015இல் வெளியான ஆய்வில், அந்த ஆதாயம் ஒரு நாள் வரை நிலைக்கவில்லை. பின்னர் குறைவாக நடமாடியது அதை ஈடு செய்துவிட்டது.

மூன்றாவது, முனைப்பான உடற்பயிற்சி. பிரான்சில் பருமனான வளரிளம் சிறுவர்களிடம் நடத்தப்பெற்று 2012இல் வெளியான ஆய்வில், கடும் பயிற்சி செய்த நாளில் அவர்கள் உண்ட உணவின் அளவு தானாகவே குறைந்தது, பசி மிகவில்லை. மென்மையான பயிற்சிக்கு இப்பயன் காணப்படவில்லை. சிறு குழுக்களிடம், சில நாட்கள் நடந்த ஆய்வுகளாதலின் இவற்றை முடிந்த முடிபாகக் கொள்ளுதல் தகாது. ஆயினும் பயிற்சியின் அளவோடு அதன் வேகமும் கருதத்தக்கது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆகவே, அசையாதிருக்கும் சிறுவனை முதலில் எழுப்பி நிறுத்தும் படிக்கட்டாக அசைந்தாடும் விளையாட்டைக் கொள்ளலாம். மைதானத்திற்கு மாற்றாகக் கொள்ளலாகாது. 'ஆடிவிட்டான், சாப்பிடட்டும்' என்று குளிர்பானம் அளிப்பதும் தவறு. 300 மில்லி லிட்டர் இனிப்புக் குளிர்பானத்தில் ஏறத்தாழ 130 கலோரி உள்ளது. ஆட்டத்திற்குப் பின் தண்ணீரோ சர்க்கரையில்லாத மோரோ போதும். திரைமுன் தின்பண்டம் வைக்கும் வழக்கமும் ஒழிய வேண்டும். அதே வேளையில், வளரும் உடலைப் பட்டினி போடுதலும் கூடாது.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமான அல்லது தீவிரமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது. அதே ஆண்டு வெளியான மைய அரசின் விதிமுறைகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளைப் பள்ளியிலும் அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்பதைத் தடை செய்தன. விதிகள் ஏட்டோடு நின்றால் பயனில்லை. விளையாட்டு வகுப்பைக் கணிதத்திற்குத் தாரை வார்க்காத பள்ளியும், பருமனான மாணவனைக் கேலிக்கு இடமின்றி அணியில் சேர்க்கும் ஆசிரியரும், உணவு வேளையில் திரையை அணைக்கும் பெற்றோரும் சேர்ந்தால்தான் அவை உயிர் பெறும். வளரிளம் பருவத்தில் படியும் பழக்கமே பெரும்பாலும் முதுமை வரை தொடர்கிறது. அதைச் செம்மைப்படுத்தும் காலம் இதுவே.