நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏன் சொல்கிறோம்?

(முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்களின் மாலைநேர வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தள்ளிப்போடும் பழக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறுவார்கள். காலை நான்கு மணிக்கு எழுந்திரு, பச்சைத் தண்ணீரில் குளி, வெற்றி உன்னைத் தேடி வரும் என்பார்கள். அதற்குக் கட்டணமும் உண்டு. அவர்கள் சொல்வதைப் பிழிந்தால் மிஞ்சுவது ஒன்றுதான்: நீ சோம்பேறி, அதனால் தோற்கிறாய். அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

இந்த மண்ணில் யார் யாரைச் சோம்பேறி என்று சொல்லிவந்திருக்கிறார்கள்? விடியலில் சேற்றில் இறங்கி, பொழுது சாயும்வரை முதுகு நிமிராமல் நாற்று நட்டவர்களை, வரப்பில் குடை பிடித்து நின்றவர் சொன்னார். கூலியை உயர்த்திக் கேட்டபோதெல்லாம் சொன்னார். இன்று இட ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வந்த பிள்ளை ஒரு அசைன்மென்ட்டைத் தாமதமாகக் கொடுத்தால் அதே சொல் தயாராக இருக்கிறது. பக்கத்து இருக்கைக்காரன் தாமதித்தால் அவனுக்கு மட்டும் "வீட்டில் ஏதோ பிரச்சினை போல". ஆகவே அந்தச் சொல்லைச் செருப்போடு சேர்த்து வாசலில் விட்டுவிட்டுப் பேசலாம்.

அது உண்மையும் அல்ல. தள்ளிப்போடுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. தேர்வுக்கு முதல் நாள் அறையைக் கூட்டிப் பெருக்குவார்கள். அலமாரியை அடுக்குவார்கள். நண்பனின் தங்கைக்கு வங்கிப் படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். எல்லா வேலையும் நடக்கும், அந்த ஒரு வேலை மட்டும் நடக்காது. சோம்பல் என்றால் எல்லாமே நின்றிருக்க வேண்டுமே. அப்படியானால் அந்த ஒரு வேலையில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும்.

கனடாவில் டிமதி பிச்சில், இங்கிலாந்தில் ஃபூஷியா சிரோயிஸ் போன்ற உளவியலாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். அவர்கள் வந்து சேர்ந்த இடம் இது: தள்ளிப்போடுவது நேரத்தைக் கையாளத் தெரியாததால் வருவது அல்ல, மனநிலையைக் கையாள்வதில் வருவது. ஒரு வேலை நமக்குள் பயத்தையோ அவமானத்தையோ சலிப்பையோ கிளப்புகிறது. "நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னதும் நெஞ்சு லேசாகிறது. அந்த நிம்மதி ஒரு கூலி. கூலி கிடைத்த வேலையை மறுபடி செய்யத்தானே தோன்றும்? மறுநாளும் தள்ளிவைக்கிறோம். இதற்கிடையில் குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ள, நேற்று ஒரு மடங்காக இருந்த பயம் இன்று இரண்டு மடங்காகிறது.

இதுவரை சொன்னது எல்லா மனிதருக்கும் பொது. பயமும் அவமானமும் எல்லோருக்கும் ஒரே அளவில் பரிமாறப்படுவதில்லை என்பதுதான் நமக்கான செய்தி.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம். முதல் இயலை எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தபோது நெறியாளர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கேட்ட கேள்வி: "இதை யார்கிட்ட எழுதி வாங்கினே?" அவ்வளவுதான். திட்டவில்லை, சாதிப் பெயர் சொல்லவில்லை, புகார் கொடுக்க அதில் ஒன்றுமில்லை. அதன் பிறகு எட்டு மாதம் அந்தப் பெண் இரண்டாம் இயலின் கோப்பைத் திறக்கவில்லை. அந்த எட்டு மாதத்தில் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தார், இரண்டு துண்டறிக்கைகளை மொழிபெயர்த்தார், தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்தார். கோப்பைத் திறந்தால் அந்தக் கேள்வி கேட்கிறது. மோசமாக எழுதினால் "நான் சொன்னேன்ல" என்பார். நன்றாக எழுதினால் "யார் எழுதியது?" என்பார். இரண்டு பக்கமும் அடி விழும் இடத்துக்கு யார்தான் ஓடிப்போய் நிற்பார்கள்? எழுதாமல் இருப்பது ஒன்றே அடிபடாத இடமாக இருந்தது.

இது தனிமனித மனக்கோளாறு என்று சொல்கிறவர்களுக்கு ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு பொருளியலாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் 321 உயர்த்தப்பட்ட சாதி மாணவர்களையும் 321 தாழ்த்தப்பட்ட சாதி மாணவர்களையும் வைத்துச் செய்தது. 2004இல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாக வந்தது. தாளில் அச்சிட்ட புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும், கண்டுபிடித்தால் காசு. யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே அளவில் தீர்த்தார்கள். பெயரோடு சாதியையும் எல்லோர் முன்னாலும் படித்த பிறகு, தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த எண்ணிக்கை சரிந்தது. புதிர் ஒன்றுதான், மூளையும் ஒன்றுதான். சாதியை உரக்கப் படித்தது மட்டுமே புதிது. "இங்கே நம் உழைப்புக்கு நியாயமான மதிப்பெண் கிடைக்காது" என்று அந்தச் சிறுவர்கள் எதிர்பார்த்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கங்களில் ஒன்று. அந்த எதிர்பார்ப்பை அவர்கள் காற்றிலிருந்து பிடித்துக்கொண்டு வரவில்லை.

இன்னொரு ஆய்வு நம் பக்கத்திலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிக் கரும்பு விவசாயிகள் 464 பேர். கரும்புப் பணம் வெட்டுக்குப் பிறகு மொத்தமாக வரும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் நகை அடகுக் கடையில் இருக்கும், கைமாற்று ஏறியிருக்கும். வெட்டுக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களுக்குச் சிந்தனைத் திறன் சோதனை வைத்தார்கள். முன்பு தடுமாறியவர்களே பின்பு நன்றாகச் செய்தார்கள். 2013இல் "சயன்ஸ்" இதழில் வெளியானது. தட்டுப்பாடு மனசின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அதன் முடிவு. விடுதிக் கட்டணம் கட்டாத பிள்ளை, அப்பாவின் வட்டிக் கடனை நினைத்துக்கொண்டே வகுப்பில் இருக்கும் பிள்ளை, "திட்டமிட்டுப் படிக்கவில்லை" என்று சொல்லும் பேராசிரியர்கள் இந்த ஆய்வைப் படித்தால் நல்லது. படிக்கத் தள்ளிப்போடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

தள்ளிப்போடுவதைப் பற்றிப் பேசும்போது அரசையும் ஆதிக்கச் சாதிகளையும் விட்டுவிட்டுப் பேசுவது நியாயமில்லை, அந்தக் கலையில் அவர்களே மூத்தவர்கள். பொது நீர்நிலைகளைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது 1923இல். மகாட் நகராட்சி அதை ஏற்றது 1924இல். ஒரு கை தண்ணீர்கூட அள்ளப்படவில்லை. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் சவுதார் குளத்தில் இறங்கிக் குடித்த பிறகும், வழக்குப் போட்டு இழுத்தார்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்பு 1937இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகள் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை என்கின்றன. வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது 2022 டிசம்பரில். குற்றப்பத்திரிகை வந்தது 2025 ஜனவரியில், அதுவும் பாதிக்கப்பட்ட மக்களிலேயே மூன்று பேர் மீது. அவர்களின் தாமதத்துக்கு "நடைமுறை" என்று பெயர், நம் தாமதத்துக்குச் "சோம்பல்" என்று பெயர். அவர்கள் தள்ளிப்போட்டால் நாம் இழக்கிறோம். நாம் தள்ளிப்போட்டாலும் நாமே இழக்கிறோம்.

அதனால்தான் காரணத்தைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிட முடியாது. விண்ணப்பத்தின் கடைசித் தேதி, நெறியாளர் என்ன சொன்னார் என்று விசாரிக்காது. கல்வி உதவித்தொகை இணையதளம் குறித்த நாளில் மூடிக்கொள்ளும். சாதி ஒரு முறை கேள்வி கேட்டு அடித்தது, நாம் தள்ளிப்போட்டதால் மறு முறை அது அடிக்காமலே ஜெயிக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக அம்பேத்கரை எடுத்துப் பிள்ளைகள் தலையில் போடுவார்கள். "அவர் தினமும் 18 மணி நேரம் படித்தார், நீ என்ன செய்கிறாய்?" எனக்கு இதில் உடன்பாடில்லை. பயந்துபோயிருக்கிறவனுக்கு இமயமலையைக் காட்டினால் இன்னும் பயப்படுவான். அவர் வாழ்க்கையில் நான் பார்ப்பது வேறு. 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். நான்கு ஆண்டுக்குள் வந்து தொடரலாம் என்று அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பினார் என்பதைக் கவனியுங்கள். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் விரட்டப்பட்டார். பம்பாயில் சிடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சேமித்தார். கோலாப்பூர் ஷாகு மகாராஜாவின் உதவியும் கிடைத்தது. 1920இல் மீண்டும் கப்பலேறினார். எழுதிக்கொடுத்த ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருத்தச் சொன்னார்கள், திருத்திக் கொடுத்தார், 1923இல் பட்டம் வந்தது. இந்து மதத்தை விட்டு வெளியேறுவேன் என்று இயோலாவில் அறிவித்தது 1935 அக்டோபர் 13. நாக்பூரில் பௌத்தம் ஏற்றது 1956 அக்டோபர் 14. இருபத்தொரு ஆண்டு. இதைத் தள்ளிப்போட்டது என்று யாராவது சொல்வார்களா? இடைப்பட்ட ஆண்டுகளில் படித்தார், ஒப்பிட்டார், விவாதித்தார், மக்களைத் தயார் செய்தார். காத்திருப்பதற்குள் வேலை நடந்துகொண்டிருந்தால் அது தயாரிப்பு. வேலையே நடக்காமல் தேதி மட்டும் நகர்ந்தால் அதுதான் நாம் பேசுகிற நோய். இன்னொன்று, அவர் முடிக்காமல் விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகள் ஏராளம். மகாராஷ்டிர அரசு 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டதில் அவையும் உண்டு. அரைகுறையாக எழுதிவைத்த தாள்கூட ஐம்பது ஆண்டு கழித்து நமக்கு ஆயுதமாகிறது. எழுதாத தாள் எதுவும் ஆகாது.

சரி, என்ன செய்வது? அந்தப் பெண்ணுக்கு நாங்கள் செய்ததையே சொல்கிறேன். "இயலை முடி" என்று யாரும் சொல்லவில்லை. மாலை வகுப்பு நடக்கும் இடத்தில் ஏழு மணிக்கு வந்து உட்கார வேண்டும், கோப்பைத் திறந்து ஒரு பத்தி எழுத வேண்டும், மோசமாக எழுதினாலும் பரவாயில்லை, ஆங்கிலம் வராவிட்டால் தமிழிலேயே எழுதலாம். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத்தான் சொல்கிறது. "படிக்க வேண்டும்" என்று முடிவெடுப்பதைவிட "வகுப்பில் விளக்கு போட்டதும் இந்த இருக்கையில் உட்கார்ந்து இதைத் திறப்பேன்" என்று இடத்தையும் பொழுதையும் கட்டிவைக்கும் முடிவு அதிகம் நிறைவேறுகிறது. ஒவ்வொரு நாளும் புதிதாக மனசோடு சண்டை போட வேண்டியதில்லை, விளக்கு எரிந்தால் கை தானாகப் போகும்.

அவர் தனியாக உட்காரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பக்கத்தில் ஒருவர் குரூப் 4க்குப் படித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதிக்கொண்டிருந்தார். யாரும் யாரையும் மேற்பார்வை பார்க்கவில்லை. அவமானம் தனியாக இருப்பவரைத்தான் சுலபமாகப் பிடிக்கிறது. எழுதிய ஒவ்வொரு தாளிலும் தேதி போட்டு வைக்கச் சொன்னோம், அடித்தது திருத்தியது எல்லாவற்றோடும். "யார் எழுதியது?" என்ற கேள்விக்கு அந்தக் கட்டே பதில். இரண்டாம் இயல் பதினோரு வாரத்தில் போனது. நெறியாளர் திருந்திவிடவில்லை, அதை எதிர்பார்த்து எழுதவும் இல்லை.

போன எட்டு மாதத்தை நினைத்துத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தார், அதையும் நிறுத்தச் சொன்னோம். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவர்களிடம் நடந்த ஒரு ஆய்வு 2010இல் வந்தது. முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டுவதற்கு ஊரே இருக்கும்போது நாமும் ஏன் அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும்?

கைபேசியைப் பற்றிக் கேட்பீர்கள். அடுத்த அறையில் வையுங்கள், அவ்வளவுதான்.

மனசைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே அறை வீட்டில் ஆறு பேர், ஒரு விளக்கு, ஓடுகிற டிவி, இதற்கு நடுவே படிக்காத பிள்ளைக்குத் தேவை உளவியல் அல்ல, ஒரு மேசை. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் படிக்கும் அறை ஒழுங்காக வேண்டும், ஊர் நூலகம் இரவு ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும். அதற்கான மனு போன மாதமே தயாராகிவிட்டது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுப்பதாக இரண்டு திங்கள் போய்விட்டன. வருகிற திங்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலில் நிற்கிறேன், நீங்கள் ஐந்து பேராவது வர வேண்டும்.

உதவித்தொகைப் படிவம் இன்னும் நான்கு பேர் முடிக்கவில்லை என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். யார் என்று கேட்கப் போவதில்லை. பின்னால் இருக்கிற மேசையில் மடிக்கணினி திறந்திருக்கிறது, சாதிச் சான்றும் வங்கிப் புத்தகமும் கொண்டுவந்தவர்கள் இப்போதே உட்காருங்கள். வருமானச் சான்று வாங்காதவர்களுடன் நாளைக் காலை இ-சேவை மையத்துக்கு நானும் வருகிறேன். தேநீர் அப்புறம் குடிக்கலாம்.