மீதி வைத்த மாத்திரை



தொண்டை வலிக்கிறது. எச்சில் விழுங்க முடியவில்லை. மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். பலர் என்ன செய்கிறார்கள்? நேரே மருந்துக் கடைக்குப் போகிறார்கள். கடைக்காரர் நாலு மாத்திரை வெட்டிக் கொடுக்கிறார். இரண்டு சாப்பிட்டதும் வலி குறைகிறது. மீதி இரண்டு அலமாரிக்குப் போகிறது. அடுத்த மாதம் குழந்தைக்குச் சளி பிடித்தால், அது வெளியே வருகிறது.

காசு மிச்சம் என்று தோன்றும். ஆனால் இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி அன்றே எச்சரித்தவர் யார் தெரியுமா? பெனிசிலின் மருந்தைக் கண்டுபிடித்தவரேதான்.

அவர் பெயர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். 1928-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு மருத்துவமனையில் கிருமிகளை வளர்த்து ஆராய்ந்து வந்தார். ஒரு தட்டில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. ஊறுகாயில் பிடிக்குமே, அதைப் போல. பூஞ்சணத்தைச் சுற்றியிருந்த கிருமிகள் அழிந்து போயிருந்தன. அந்தப் பூஞ்சணத்திலிருந்து கிடைத்ததுதான் பெனிசிலின். இப்படிக் கிருமியைக் கொல்லும் மருந்துக்கு ஆன்டிபயாடிக் என்று பெயர்.

1945-இல் ஃபிளெமிங்குக்கும், உடன் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு பெற்றபோது ஆற்றிய உரையில் அவர் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டை வலி. அவரே பெனிசிலின் வாங்கிச் சாப்பிடுகிறார். போதிய அளவு சாப்பிடவில்லை. கிருமி சாகவில்லை. மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு நிமோனியா வருகிறது. மருத்துவர் பெனிசிலின் கொடுக்கிறார். மருந்து வேலை செய்யவில்லை. மனைவி இறந்துவிடுகிறார். இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? கணவர்தான் என்று முடித்தார் ஃபிளெமிங்.

கதையில் சொன்ன ஆபத்து பிறகு உண்மையாகவே வந்தது. நிமோனியா உண்டாக்கும் ஒரு கிருமிக்கு நியூமோகாக்கஸ் என்று பெயர். பெனிசிலினைத் தாங்கும் நியூமோகாக்கஸ் 1967-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு நோயாளியிடம் காணப்பட்டது. 1977-இல் தென்னாப்பிரிக்காவில் பல மருந்துகளுக்கும் அடங்காத கிருமி தலைகாட்டியது.

இது எப்படி நடக்கிறது? பருத்தி பயிரிடுவோருக்கு இது தெரிந்த விஷயம்தான். முன்பு ஒரு தடவை மருந்தடித்தால் புழு செத்தது. பிறகு அதே மருந்துக்குச் சாகவில்லை. கிருமியும் அப்படித்தான். கோடிக் கிருமிகளில் சில மட்டும் மருந்தைத் தாங்கும். மற்றவை செத்துவிடும். தாங்கியவை பெருகும். பிறகு எங்கும் அவையே இருக்கும்.

"உடம்புக்கு மருந்து பழகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். அது தவறு. பழகியது உடம்பு அல்ல, கிருமி. அந்தக் கிருமி இருமலில் பறந்து அடுத்தவருக்குப் போகும். ஆன்டிபயாடிக் ஒரு தடவைகூடச் சாப்பிடாத குழந்தைக்கும் போகும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சளிக்கும் பெரும்பாலான தொண்டை வலிக்கும் காரணம் வைரஸ். ஆன்டிபயாடிக் வைரஸைக் கொல்லாது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் இதமாக இருக்கும். சில நாளில் தானே சரியாகும்.

சில தொண்டை வலிக்குப் பாக்டீரியா காரணம். அதைக் கவனிக்காமல் விட்டால், சில குழந்தைகளுக்குப் பின்னால் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வரும். இதயமும் கெடலாம். இந்தத் தொண்டைக் கிருமியைப் பெனிசிலின் இன்றும் கொல்கிறது. ஆனால் அந்த மாத்திரையை வழக்கமாகப் பத்து நாள் சாப்பிட வேண்டும். எந்தத் தொண்டை வலி எது என்று பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஆகவே, செய்ய வேண்டியவை இவை:

மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாடிக் வாங்கக் கூடாது.

அவர் சொன்ன அளவில், சொன்ன நாள் வரை சாப்பிட வேண்டும்.

ஒருவருக்குத் தந்த மாத்திரையை மற்றவருக்குக் கொடுக்கக் கூடாது.

குழந்தை வேகமாக மூச்சு வாங்கினாலோ, மூச்சு இழுக்கும்போது மார்பு உள்ளே போனாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அப்போது கூலியைப் பார்க்கக் கூடாது.

நியூமோகாக்கஸ் கிருமிக்குத் தடுப்பூசி உண்டு. 2017-இல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் அது சேர்ந்தது. 2021-இல் நாடு முழுவதற்கும் விரிவானது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. இலவசம். நோயே வராவிட்டால் மருந்து எதற்கு?

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்புக் கோடு இருக்கிறதா? மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்பது அதன் பொருள். 2016-இல் மத்திய அரசு இதை மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கியது. எழுத்துத் தெரியாதவருக்கும் கோடு தெரியும். எழுத்துத் தெரிந்தவர் அதன் பொருளைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் அலமாரியைத் திறந்து பாருங்கள். மீதி வைத்த மாத்திரை அங்கே இருக்கிறதா?