மூன்று இலக்கங்கள் கூறும் உண்மை

போவன்பள்ளிக் காய்கறிச் சந்தைக்குத் தக்காளி அனுப்ப எண்ணும் உழவர் ஒருவர், இணையதளத்தில் அன்றைய விலையை நாடுகிறார் என வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு விடையுடனும் வழங்கிக் கணினி மூன்று இலக்க எண் ஒன்றை அனுப்புகிறது.

200 எனில், கேட்டது கிடைத்தது. 301 எனில், பக்கம் நிலையாக வேறு முகவரிக்கு மாறிவிட்டது. 4-இல் தொடங்குவன கோரிக்கையில் உள்ள தடையைச் சுட்டும்: 401 அடையாளச் சான்று கோரும்; 403 அனுமதி மறுக்கும்; 404 பக்கம் காணப்படவில்லை என்னும். 5-இல் தொடங்குவன வழங்கியின் குறைகள்: 500 உட்பிழை; 503 தற்காலிக இயலாமை.

வழங்கி பழுதுற்றிருக்கையில் 404 அனுப்பினால், விலை விவரமே இல்லையென்று உழவர் திரும்பிவிடுவார். வெற்றுப் பக்கத்துடன் 200 அனுப்பினாலோ, கண்காணிக்கும் அலுவலரும் பழுதை அறியார். எனவே, உரிய எண்ணை அனுப்புதல் நிர்வாக நேர்மையின் ஒரு கூறேயாகும்.