நோயாளியின் படுக்கையருகே: செவிலி உதவியாளரின் அறிவும் கடமையும்

(மேல்பட்டாம்பாக்கம் பங்கின் ஜூபிலி விழாவையொட்டி, நோயாளர் பராமரிப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 நாங்கள் டாக்டர்கள் அல்லர். பட்டம் பெற்ற நர்சுகளும் அல்லர். வார்டுகளிலும் வீடுகளிலும் நோயாளியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பெட்பேன் வைத்து எடுத்து, இரவில் கண்விழித்த உதவியாளர்கள். சிலர் எங்களை ‘சிஸ்டர்’ என்பார்கள். சிலர் ‘ஆயா’ என்பார்கள். எப்படி அழைத்தாலும் வேலை ஒன்றுதான்.

நெய்வேலியில் 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின் இந்தச் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் சுரங்க வேலையாலும் ஆலை வேலையாலும் தலைநிமிர்ந்தன. அன்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்று முதுமையடைந்தார்கள். பிள்ளைகளோ சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்கிறார்கள். ஆகவே, ‘யார் பார்த்துக்கொள்வது?’ என்ற கேள்வி இன்று நம் வீடுதோறும் எழுகிறது. கடலூர் அரசு மருத்துவமனையோ, புதுவை ஜிப்மரோ உயிரைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்பிவிடும். அதற்குப் பின் வரும் மாதங்களை வீட்டார்தான் சுமக்க வேண்டும். அந்தச் சுமையைச் சுமக்கத் தேவையான அடிப்படை அறிவைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

இந்தப் பணி தாழ்ந்ததன்று

முதலில் ஒரு வார்த்தை. நோயாளர்க்கும் செவிலியர்க்கும் பாதுகாவலரான புனித கமில்லஸ் 16-ஆம் நூற்றாண்டில் ரோமாபுரி மருத்துவமனை ஒன்றில் வேலைக்காரராகச் சேர்ந்தவர். படைவீரராக இருந்தவர், சூதாடி, காலில் ஆறாத புண் கொண்டவர். முரட்டுக் குணத்தால் ஒருமுறை அங்கிருந்து விலக்கவும்பட்டார். பின்னர் மனந்திரும்பி அதே நோயாளிகளிடம் வந்தார்; நோயாளர் பணிக்கென்றே ஒரு சபையை உண்டாக்கினார். தாம் செய்த வேலையை அவர் இழிவாகக் கருதவில்லை.

நல்ல சமாரியனையும் நினைத்துப் பாருங்கள். காயத்தில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான், கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இரவெல்லாம் பார்த்துக்கொண்டான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் பணமும் கொடுத்து, பொறுப்பையும் ஒப்படைத்தான். சுத்தம் செய்தல், கட்டுதல், தூக்கிச் செல்லுதல், கண்விழித்தல், அடுத்தவரிடம் ஒப்படைத்தல் ஆகிய இந்த ஐந்தும் செவிலி உதவியாளரின் கடமைகள்.

நம் மாநிலத்தில் முறையான செவிலியர் பயிற்சிக்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார். வேலூரில் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1926-இல் செவிலியரைப் பதிவு செய்யும் சட்டம் நம் மாகாணத்தில் வந்தது. துணைச் செவிலியர், டிப்ளமா பெற்றவர், பட்டம் பெற்றவர் ஆகியோர் இன்றும் கவுன்சிலில் பதிவு செய்தே பணியாற்ற வேண்டும். குறுகிய காலப் பயிற்சி பெற்ற உதவியாளர் வேறு, பதிவு பெற்ற நர்ஸ் வேறு. வீட்டுக்கு ஆள் வைக்கும்போது இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டத்தின்படி, முதியோர் இல்லங்களில் உதவியாளராக இருப்பவர் குறைந்தது 75 மணி நேரம் பயின்று, தேர்வும் பெற வேண்டும். நம் வீடுகளிலோ, பல வேளைகளில் ஒரு மணி நேரம்கூடச் சொல்லிக்கொடுக்காமல் நோயாளியை ஒருவர் கையில் ஒப்படைத்துவிடுகிறோம்.

கை கழுவுதல்

பாடம் கைகளிலிருந்து தொடங்குகிறது. 1847-இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று விதித்தார். தாய்மார்களின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் உடன் இருந்த மருத்துவர்கள் பலர் அவர் பேச்சை ஏற்கவில்லை. நாமும் ஏற்காதவர்களோடு சேர வேண்டாம். நோயாளியைத் தொடுமுன், தொட்டபின், மலஜலம் எடுத்தபின், உணவு ஊட்டுமுன் சோப்புப் போட்டு விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல், மணிக்கட்டு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவ வேண்டும். முழுமையாகக் கழுவ ஏறக்குறைய 40 முதல் 60 விநாடி ஆகும். மோதிரத்தையும் வளையலையும் கழற்றிவிடுங்கள்.

நான்கு அளவுகள்

உடல்சூடு, நாடி, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கும் நோயாளியின் நிலையை நமக்குச் சொல்பவை. சூடு 98.6 டிகிரி அளவில் இருக்கும், 100.4-ஐத் தொட்டால் காய்ச்சல் என்று எழுதிக்கொள்ளுங்கள். வளர்ந்தவருக்கு நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100; மூச்சு 12 முதல் 20. நாடியைக் கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. கட்டைவிரலுக்கே சொந்த நாடி உண்டு. அதை நோயாளியின் நாடியென்று எண்ணிவிடுவோம். மூச்சை எண்ணும்போது அவரிடம் சொல்லாமல் எண்ணுங்கள். சொல்லிவிட்டால் அவர் மூச்சை மாற்றிவிடுவார்.

எண்ணியதை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். ‘அப்பாவுக்குச் சரியில்லை’ என்று டாக்டரிடம் போனில் சொன்னால் அவரால் எதையும் முடிவு செய்ய முடியாது. ‘காலை 6 மணிக்கு மூச்சு 18, மாலை 4 மணிக்கு 28, இன்று ஒருமுறைதான் சிறுநீர் போனார்’ என்று சொன்னால் அவர் உடனே எழுந்து வருவார்.

படுக்கைப் புண்

இங்கே எங்கள் மனத்தை உறுத்தும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பெரியவர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தோம். பிள்ளைகள் தங்கமானவர்கள். ‘புரட்டினால் வலிக்கிறது என்கிறார், அதனால் தொடவே இல்லை’ என்றார்கள். பத்து நாளாக மல்லாந்தே படுத்திருந்தார். போர்வையை விலக்கிப் பார்த்தபோது முதுகின் அடியில் உள்ளங்கையளவு புண். அவர்களிடம் பாசம் நிறைய இருந்தது. யாரும் சொல்லிக்கொடுக்காததுதான் குறை. அந்தப் புண் ஆற மாதக்கணக்காயிற்று.

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, இரத்தம் ஓடாமல் போவதால்தான் இந்தப் புண் வருகிறது. பின்தலை, தோள்பட்டை, முழங்கை, இடுப்பின் பின்புறம், குதிகால் ஆகியவற்றைத் தினம் பாருங்கள். அசைய முடியாதவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை ஒருக்களித்தும் மல்லாத்தியும் மாற்றிப் படுக்க வையுங்கள். இழுத்துப் புரட்டாதீர்கள், தோல் உரிந்துவிடும். அடியில் மடித்த விரிப்பைப் போட்டு இருவர் பிடித்து நகர்த்துங்கள். சிவந்த இடத்தை ஸ்பிரிட் போட்டுத் தேய்க்கும் பழக்கம் முன்பு இருந்தது. அது கூடாது என்று பின்னர் தெரிந்துகொண்டோம். நடுவில் ஓட்டையுள்ள வளைய மெத்தையும் வேண்டாம். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அன்றே நர்சிடம் காட்டுங்கள்.

ஊட்டுதல், உடுத்துதல்

எங்கள் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறோம். தொழிலுக்கு வந்த புதிதில், வேலை முடியவேண்டும் என்ற அவசரத்தில், படுத்த நிலையிலேயே ஒரு பாட்டிக்குக் கஞ்சி ஊட்டினோம். இருமினார். மறுநாள் காய்ச்சல், நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பிழைத்தார் என்றாலும், அந்த இருமல் சத்தம் இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. ஆகவே கேளுங்கள்: நிமிர்த்தி உட்கார வைத்தே ஊட்டுங்கள், சிறு கரண்டி, விழுங்கியபின் அடுத்த வாய், முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்க வைக்காதீர்கள். தண்ணீர் குடித்தவுடன் குரல் கரகரத்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். வாயைத் தினம் இருமுறை சுத்தம் செய்யுங்கள். பல்செட்டைக் கழற்றிக் கழுவுங்கள்.

வாதத்தால் ஒரு கை விழுந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழையுங்கள். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுங்கள். இந்தச் சின்ன விதி தெரியாததால் தோள்வலியில் துடித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். சிறுநீர்க் குழாய் இருந்தால் பை எப்போதும் இடுப்புக்குக் கீழேயே தொங்க வேண்டும். தரையில் படவும் கூடாது.

திடீரென்று முகம் ஒருபக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் விழுந்தால், பேச்சு குழறினால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். நம் மாநிலத்தில் 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது, உடனே அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன்படும். எப்போது ஆரம்பித்தது என்ற நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

செய்யக் கூடாதவை

உதவியாளர் தானாக ஊசி போடக் கூடாது. மாத்திரையின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. மூக்குக் குழாய் நுழைக்கக் கூடாது. நோயின் பெயரை ஊகித்து வீட்டாரைக் கலங்கடிக்கக் கூடாது. ‘நர்சம்மா, நீங்களே ஒரு ஊசி போட்டுவிடுங்களேன்’ என்று வற்புறுத்துபவர்கள் உண்டு. அப்போது ‘முடியாது’ என்று சொல்வதும் எங்கள் கடமையே. அந்த வீட்டில் கண்டதையும் கேட்டதையும் தெருவில் சொல்லாதிருப்பது மற்றொரு கடமை.

எல்லாவற்றுக்கும் மேலாக மானம். தொடுமுன், ‘ஐயா, புரட்டப் போகிறேன்’ என்று சொல்ல வேண்டும். கதவைச் சாத்தி, துணியால் மூடி, உடம்பில் தேவையான இடத்தை மட்டும் திறந்து துடைக்க வேண்டும். ஒருகாலத்தில் சுரங்கத்தில் பெரிய இயந்திரத்தை ஓட்டியவர், இன்று மலம் கழிக்க நம்மைக் கூப்பிடுகிறார். அவர் கூசுகிறார் என்பதை நாம் மறக்கலாகாது. நினைவு தப்பியவர் முன்னிலையிலும் அவரைப் பற்றிக் குறையாகப் பேசாதீர்கள், காது கேட்டுக்கொண்டிருக்கலாம்.

நெய்வேலியில் ஷிப்ட் மாறும்போது இறங்குபவர் ஏறுபவரிடம் நிலைமையைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இல்லையேல் ஆபத்து. நோயாளியின் வீட்டிலும் அப்படியே. பகலில் மருமகள், இரவில் மகன் என்றால், என்ன சாப்பிட்டார், எந்த மாத்திரை போட்டார், எந்தப் பக்கம் படுத்தார் என்று சொல்லிவிட்டே கைமாற்றுங்கள். ஒரே மாத்திரையை இருவரும் கொடுத்துவிட்ட வீடுகளை அறிவோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நம் பங்கின் ஏழைப் பெண்பிள்ளைகள் பலர் இந்தப் பயிற்சிக்குப் போகிறார்கள். வேலைக்கு வைப்பவர்கள் அவர்களைச் சமையலுக்கும் பாத்திரத்துக்கும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். இரவு முழுதும் விழித்தவளைப் பகலிலும் நிற்க வைக்கிறார்கள். தூக்கமில்லாத கை தவறும். தவறினால் துன்பப்படுவது உங்கள் தாய் தந்தையரே. நியாயமான கூலி, உறங்க நேரம், வார விடுமுறை ஆகிய மூன்றையும் தர்மமாக எண்ணாமல் நீதியாகக் கொடுங்கள்.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் மருமகளையும் மகளையும் மறவாதீர்கள். அவளுக்கும் முதுகு வலிக்கும். அவளுக்கும் ஞாயிறு பூசைக்கு வர ஆசை இருக்கும். 2021-இல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளை வீடு தேடி வந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்போரையும் பார்க்கிறார்கள். அதைக் கேட்டுப் பெறுங்கள். பங்கிலும் ஒரு சிறு ஏற்பாடு செய்யலாமே: நோயாளி இருக்கும் வீட்டுக்கு வாரம் இரண்டு மணி நேரம் நம்மில் ஒருவர் போய் உட்கார்ந்தால், அந்த மருமகள் சற்றுத் தூங்குவாள். பெரிய நிதி எதுவும் வேண்டாம். கை கழுவத் தெரிந்தால் போதும்; புரட்டத் தெரிந்தால் போதும்; எழுதி வைக்கத் தெரிந்தால் போதும்.

நைட்டிங்கேல் அம்மையார் 1859-இல் செவிலியம் பற்றிய தம் நூலை எழுதியபோது, மருத்துவமனை நர்சுகளை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை. வீட்டில் பிறர் உடல்நலத்தைப் பேணும் சாதாரணப் பெண்களுக்காகவே எழுதினார். நாங்களும் இங்கு பேசியது உங்களுக்காகவே. பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்பது சுமை இறக்கும் ஆண்டு. நம் பங்கில் ஒரு நோயாளியின் வீட்டுச் சுமையையாவது இந்த ஆண்டில் இறக்கி வைப்போமாக. 

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!