மலைச்சரிவு இடிவதன் காரணம்

(அயோத்தியாப்பட்டணத்தில் ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்யப்பட்ட பிரசங்கம்)



இவ்வூரில் நின்று வடக்கே நோக்கினால் சேர்வராயன் மலை தெரியும். அது அசையாப் பொருள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆயினும் 2024-ம் வருஷம் டிசம்பர் மாதத் தொடக்கத்தில், பெஞ்சல் புயலின் அடைமழையால், ஏற்காட்டுப் பாதையில் மண்ணும் பாறையும் சரிந்தன. குப்பனூர் வழியும் அடைபட்டது. அதே மழையில், டிசம்பர் 1-ந் தேதி, திருவண்ணாமலையில் அடிவாரத்து வீடொன்றின்மேல் மலைச்சரிவு விழுந்து ஏழு பேர் மாண்டனர். அவர்களில் ஐவர் குழந்தைகள்.

சேர்வராயன் மலையின் கல் சார்னோகைட் என்பது. சென்னைப் பரங்கிமலையின் கல்லும் அதுவே. மிகக் கடினமானதுதான். எனினும் பகல் வெயிலும் இராக்குளிரும், வெடிப்புகளில் நுழையும் வேரும் மழை ஜலமும் நெடுங்காலம் வேலை செய்ய, அக்கல்லும் மக்கிச் செம்மண்ணாகிறது. ஆகவே மலைச்சரிவென்பது சாய்ந்த பாறையின்மேல் போர்த்திய மண்போர்வையே. கீழிறங்குவது அதன் இயல்பு. மண்ணுக்கு மண் உராயும் பிடிப்பும் வேர்களுமே அதை நிறுத்தி வைத்திருக்கின்றன.

களத்து நெல் அம்பாரத்தைப் பாருங்கள். அது தனக்கென ஒரு சாய்வில் நிற்கும். அடியில் ஒரு கூடை அள்ளினால் மேலிருப்பது தானே இறங்கும். வீட்டுமனைக்கோ பாதைக்கோ மலையடியைச் செங்குத்தாக வெட்டுபவர் செய்வதும் இதுவே.

இனி மழை. ஓர் ஏக்கரில் ஓர் அங்குலம் பெய்தால் விழும் ஜலம் சுமார் 100 டன். இப்பாரத்தினும் பெரிய தீங்கு வேறுண்டு. மண்ணின் இடைவெளிகளில் நிறையும் ஜலம் மணலை மணலினின்று தள்ளுகிறது; உராய்வுப் பிடிப்புத் தளர்கிறது. ஆதலின், முதல் மழைக்கு அசையாத சரிவு, விடாமழையின் மூன்றாம் நாளில் இடிவதுண்டு. மரம் நட்டால் போதுமென்பாரும் உளர். வேர் மேல்மண்ணையே பிடிக்கும். அதற்கும் ஆழத்தில் பிளந்தால் மரமும் கூடவே வரும்.

சரிவுக்கு எட்ட இருப்பதும் முழுக் காப்பாகாது. 2024 ஜூலை 30-ந் தேதி வயநாட்டில் உயரத்தில் தொடங்கிய சரிவு, ஓடையோடு சேர்ந்து பல மைல் ஓடி, முண்டக்கை, சூரல்மலை ஊர்களை அழித்தது, நூற்றுக்கணக்கானோர் இறந்தனர்.

செய்யத்தக்கது ஜலத்திற்கு வழி விடுதலே. சரிவின் தலைப்பில் வாய்க்கால் வெட்டி மழைநீரை ஓடையில் சேர்க்க வேண்டும். தடுப்புச் சுவரில் நீர் கசியத் துவாரம் விட வேண்டும். ஒருவர் தம் நிலத்து நீரை அடுத்தவர் நிலத்தில் திருப்பிவிட்டால் இடிவது இடம் மாறுமேயன்றி நீங்காது. இது சேர்ந்து செய்யும் வேலை. அடிவாரத்து நிலத்தின்மேல் கடன் கொடுக்கும் சங்கமும் மேற்சரிவை ஒருமுறை பார்த்து வருதல் நலம்.

அடைமழையில் தரையில் புது வெடிப்புத் தோன்றினாலும், மரங்கள் சாய்ந்தாலும், தெளிந்த ஊற்று திடீரெனக் கலங்கினாலும், இரவேயாயினும் வெளியேறிவிட வேண்டும். மாடுகளை அவிழ்த்துவிடுங்கள். பத்திரத்தைத் தேடி நிற்கவேண்டாம். அதன் நகல் ரிஜிஸ்திரார் கச்சேரியில் கிடைக்கும்.