எல்லையூரின் கடைவீதி

ஊரை விட்டுப் பிற மாநிலம் சென்று வாழ்பவர் உங்களுள் பலர். தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ கடை வாசலில் நின்று, எந்த மொழியில் விலை கேட்பது என்று தயங்கிய அனுபவம் உங்களுக்குப் புதிதன்று. இன்று நான் பேசப்போவது, இருந்த இடத்தை விட்டு ஓர் அடியும் நகராமலே வேறு மாநிலத்தவராகிவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றி.

என் அத்தையின் ஊர் வெதுருகுப்பம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவே, மாந்தோப்பும் கரும்புக் கொல்லையுமாக உள்ள சீமை அது. ஊரின் பெயரிலேயே இரு மொழிகளும் கைகோத்திருக்கின்றன. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பமோ நம் குப்பமே. 1953-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்திற்கு மீண்டது; வெதுருகுப்பம் நின்ற இடத்திலேயே நின்றது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆகவே இப்போது அத்தை ஒரு புடவை வாங்குவதற்கும் மாவட்ட எல்லையைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

2025 ஜூலையில் அத்தையின் பேத்திக்குக் கல்யாணச் சரக்கு வாங்கத் திருப்பதிக்கு நானும் உடன் சென்றேன். கல்யாணத்திற்கு நாள் பார்த்த கதை தனிக்கதை. ஆடியில் கூடாது என்பார்கள் வேலூர் உறவினர். பாத்ரபதத்தில் கூடாது என்பார்கள் மாப்பிள்ளை வீட்டார். நம் மாதம் சூரியனைப் பின்பற்றுவது. தெலுங்கு மாதம் சந்திரனைப் பின்பற்றுவது. அவ்வாண்டு நமக்கு ஆவணி பிறந்தது ஆகஸ்ட் 17-ல். அவர்களுடைய சிராவணம் முடிந்தது 23-ல். இரு வீட்டார்க்கும் பொதுவாக எஞ்சியவை ஏழே நாட்கள்! இதில் ஒரு நன்மையும் இருந்தது. தெலுங்கருடைய ஆஷாடத் தள்ளுபடியும் தமிழருடைய ஆடித் தள்ளுபடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும் வாரத்தில் நாங்கள் கடைவீதியில் இருந்தோம்.

கோவிந்தராசர் கோவிலை அடுத்த காந்தி வீதியில் நடந்தால், திருமலையிலிருந்து இறங்கிய மொட்டைத் தலைகளின் நடுவே எல்லா மொழியும் காதில் விழும். ஒரு ஜவுளிக் கடையில் நுழைந்தோம். அத்தையின் தோற்றத்தைப் பார்த்ததும் கடைப் பையன், “வாங்கம்மா” என்று நல்ல தமிழில் அழைத்து, பாயை விரித்து, பட்டை விரித்து, விலையும் சொன்னான். ஒன்பதாயிரத்து எண்ணூறு ரூபாய். அத்தை புடவையின் தலைப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தெலுங்கில், “எந்த?” என்று ஒரு சொல் கேட்டார். தமிழில் அச்சொல் ‘எது’ என்று வினவும். தெலுங்கில் ‘எவ்வளவு’ என்று வினவும். பையன் திடுக்கிட்டான். மறு நொடியே விலை எண்ணாயிரத்து இருநூறாக இறங்கியது.

வெளியே வந்ததும் அத்தை என்னைப் பார்த்து, “தமிழுக்கு ஆயிரத்து அறுநூறு ரூபாய் வரியா, தம்பி?” என்றார். கடைக்காரரை நான் பெரிதும் குறைகூற மாட்டேன். யாத்திரிகர் இன்று வந்து நாளை போகிறவர். உள்ளூரார் தீபாவளிக்கும் வருவார். எந்தக் க்ஷேத்திரத்திலும் இரு விலைகள் உண்டு. அத்தைக்கு மனம் ஆறவில்லை. தம் ஊருக்கு அருகிலேயே தம்மை யாத்திரிகையாக எண்ணிவிட்டானே என்பதுதான் அவர் குறை.

அடுத்து அச்சகம். அழைப்பிதழ் தெலுங்கில் போதும் என்றாள் மணப்பெண். அவள் படித்தது தெலுங்கும் ஆங்கிலமும். பாட்டி தமிழில் பேசுவார், பேத்தி தெலுங்கில் விடை சொல்வாள். வீட்டில் ஒரு சொல்லும் வீணாவதில்லை. ஆனால் தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. அத்தைக்கோ தமிழ் எழுத்தன்றி வேறு தெரியாது. ஆகவே ஒரு பக்கம் தெலுங்கு, மறுபக்கம் தமிழ் என்று முடிவாயிற்று. “தமிழ்ப் பக்கத்திற்குப் பிழை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார் அச்சகத்தார். அலுவலகத்தில் மொழிபெயர்ப்பே என் தொழிலாதலால், நான் பெருமையுடன் எழுதிக் கொடுத்தேன்.

அச்சுப்படி வருவதற்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பேத்தியின் விருப்பப்படி சினிமாவுக்குச் சென்றோம். தமிழ்ப் படம், தெலுங்குக் குரல் சேர்க்கப்பட்டது. “முகம் தெரிந்தவன், குரல் யாரோ” என்று அத்தை முணுமுணுத்தார். அவருடைய அளவுகோல் வேறு. சித்தூர் நாகையா 1950-ல் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழிலும், அதே கதையில் ‘பீதல பாட்லு’ என்று தெலுங்கிலும் நடித்தவர். அன்றியும், அப்பகுதியில் தருமராசர் கோவில்களில் பாரதம் நடக்கும்போது பகலில் கதை, இரவில் கூத்து; கடைசி நாளில் களிமண்ணால் செய்த பெரிய துரியோதனன் தரையில் கிடப்பான், பீமன் வந்து தொடையைப் பிளப்பான். அந்தக் கூத்தில் பாட்டு ஒரு மொழியிலும் கோமாளியின் பேச்சு மற்றொரு மொழியிலும் நடக்க, இரண்டுக்கும் சிரித்தவர் அத்தை. இடைவேளையில் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, பேத்தி கைபேசியில் வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் குறையென்று சொல்லத் தோன்றவில்லை. அவள் வயதில் நானும் கூத்தை விட்டுக் கொட்டகைக்கு ஓடியவனே.

அச்சுப்படி வந்தது. என் தமிழில் எழுத்துப்பிழை இல்லை. அத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அந்தப் பக்கம் என்ன மாதம்?” என்று பேத்தியைக் கேட்டார். விசுவாவசு என்னும் ஆண்டின் பெயர் இரு பக்கத்திலும் ஒன்றே. மாதமோ அங்கே சிராவணம், இங்கே ஆவணி. “இரண்டு நாள் கல்யாணமா என்று கேட்பார்கள். மேலே பெரிதாக இங்கிலீஷ் தேதி போடு, தம்பி” என்றார். இருபது ஆண்டு மொழிபெயர்த்தவனுக்கு இது தோன்றவில்லை.

அப்போது மணப்பெண் தமிழ்ப் பக்கத்தைக் கையில் வாங்கி, “மாமா, இதில் என் பெயர் எது?” என்று கேட்டாள். காட்டினேன். சற்று நேரம் விரலால் அதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஆந்திரத்தில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பஸ் பயணம் வந்தது 2025 ஆகஸ்ட் 15-ல். எங்கள் பயணம் அதற்குச் சில வாரம் முந்தியது. அந்தச் சீட்டுக் காசை அத்தை இன்றும் மறக்கவில்லை. அச்சீட்டின் பின்புறத்தில்தான் திரும்பும் வழியெல்லாம் பேத்தி தன் பெயரைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். ஊர் நெருங்கும் சமயம் பாட்டியிடம் நீட்டினாள். நடுவெழுத்தின் மேல் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அத்தை மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பேனாவை வாங்கி, பஸ்ஸின் குலுக்கல் சற்று அடங்கும்வரை காத்திருந்து, அந்தப் புள்ளியை வைத்தார்.