ஆட்டோடு உண்ணியைக் கூட்டிப் போகாதீர்கள்

(பன்வில பிரதேசத்தில் மண்சரிவு அபாயமுள்ள லயங்களிலிருந்து புதிய வீடுகளுக்குக் குடிபெயரும் தோட்டக் குடும்பங்களுக்கு ஆற்றிய உரை)



ஆடு மாடு வைத்திருப்பவர்கள் புதிய வீட்டுக்குப் போகுமுன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அது உண்ணி ஒழிப்பு.

தோட்டங்களில் புதிய வீட்டுக்குச் சில பேர்ச்சஸ் காணிதான் கிடைக்கிறது. வீடு போக மிஞ்சும் இடத்தில்தான் ஆட்டுப்பட்டி. உங்கள் பட்டிக்கும் பக்கத்து வீட்டுப் பட்டிக்கும் சில அடிதான் தூரம். ஒரு வீட்டு ஆட்டில் உண்ணி இருந்தால் கொஞ்ச நாளில் எல்லா வீட்டுக்கும் வந்துவிடும்.

உண்ணி எப்போதும் ஆட்டின் மேலேயே இருப்பதில்லை. வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, மண்ணிலும் பலகை இடுக்கிலும் 2,000, 3,000 என்று முட்டை இடும். பொரித்த குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, அடுத்த ஆடு வரும்வரை காத்திருக்கும். மாதக் கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. அதனால் ஆட்டை மட்டும் சுத்தம் செய்தால் போதாது. பட்டியையும் பார்க்க வேண்டும்.

ஒட்டகமும் செம்மறியும் மேய்க்கிற ஆபிரிக்க வறண்ட நாடுகளிலும் உண்ணித் தொல்லை உண்டு. நமக்கோ மழையும் மானாப்புல்லும் இருப்பதால் அதற்கு வசதி அதிகம். நக்கிள்ஸ் காட்டுப் பக்கமிருந்து வரும் காட்டுப்பன்றியும் உண்ணியைக் கொண்டுவரும்.

காதுக்குள், வாலுக்கு அடியில், மடியில், தொடை இடுக்கில், குளம்புகளுக்கு நடுவில் விரலால் தடவிப் பாருங்கள். கீழ் இமையைத் திறந்தால் சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. குட்டிகள் இதனால் செத்தும் போகும். மாட்டுக்குக் காய்ச்சலோடு சிவப்பு மூத்திரம் போனால், அன்றே மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள்.

குடிபெயர ஒரு மாதம் இருக்கும்போது, லயத்தில் உள்ள எல்லோரும் சேர்ந்து அரச மிருக வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லி, எல்லா ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து போடுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து, வைத்தியர் சொல்லும் நாளில் மறுபடியும் போடுங்கள். மருந்து போட்ட அன்றே ஆட்டை லொறியில் ஏற்ற வேண்டாம். உண்ணி விழுவதற்குச் சில நாள் விடுங்கள்.

மருந்தின் அளவு ஆட்டின் நிறையைப் பொறுத்தது. சினை ஆடு என்றால் முதலிலேயே சொல்லுங்கள். எத்தனை நாள் பால் குடிக்கக்கூடாது, இறைச்சிக்கு விற்கக்கூடாது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தேயிலைக்கு அடிக்கும் மருந்தை ஆட்டின் மேல் பூசவே பூசாதீர்கள். ஆடும் சாகும், பூசுகிறவருக்கும் ஆபத்து. மருந்து போட்ட ஆட்டையோ வாளியையோ பீலிக்கரையில் கழுவாதீர்கள். அது எல்லோரும் குடிக்கும் தண்ணீர்.

பழைய பட்டியின் பலகை, சாக்கு, கயிறு எதையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். புதிய பட்டியை நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டுங்கள். இடுக்கில்லாமல் பலகை அடிக்க முடியாது; ஆகவே அடிக்கடி கூட்டிக் கொதிநீர் ஊற்றுங்கள். பட்டியைச் சுற்றிப் புல்லைக் குட்டையாக வெட்டுங்கள். மேய விடுவதைக் குறைத்து, முள்முருங்கை, கிளிசரிடியா குழையை வெட்டிப் போடுங்கள். உயரத்துக் குழையில் உண்ணி குறைவு. புதிதாக வாங்கும் ஆட்டை, மருந்து போட்டு உண்ணி இல்லை என்று தெரியும்வரை தனியாகக் கட்டுங்கள்.

கையால் பிடுங்கும் உண்ணியை நசுக்கவோ தரையில் போடவோ வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

உண்ணி மனிதரையும் கடிக்கும். காதுக்குள் உண்ணி ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவது கண்டிப் பக்கத்தில் புதிதல்ல. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஊக்கு, தீக்குச்சி விட்டு நோண்டாதீர்கள், டொக்டரிடம் போங்கள். உண்ணி கடித்தபின் காய்ச்சலும் தலையிடியும் தோலில் சிவப்புப் புள்ளியும் வந்தால், "உண்ணி கடித்தது" என்று மறக்காமல் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் சரியான மருந்து நேரத்தோடு கிடைக்கும்.

அவசரத்துக்கு விற்றுப் பிள்ளையின் பள்ளிச் செலவைப் பார்க்க நம்மிடம் இருப்பது அந்த இரண்டு ஆடுகள்தான். ஒரு வீடு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. இன்று கலைந்து போகுமுன், எந்த நாளில் எல்லோரும் சேர்ந்து மருந்து போடுவது என்று முடிவு செய்துவிட்டுப் போங்கள்.